பதினோராவது போல்ட்

அஷோட்ஸ்க் மேடு ஏறும்போது
பின்னால் பாதை காணாமல் போனது.
பனி என்று நினைத்தேன்.
வெள்ளைப் புகை.
பாகு தீய்ந்த மாதிரி ஓர் இனிப்பு வாடை.
பின்சீட்டில் ஒன்பது பல்செட்டுகள்,
பெயர் எழுதிய டப்பாக்களில்,
குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வந்தன.

டிராக்டர்காரன் ஒருவன் கயிறு கட்டி
க்யூம்ரி வரை இழுத்துவந்து விட்டான்.
கூலி வேண்டாம்,
அம்மாவுக்குக் கீழ்வரிசை கடிக்கிறதாம்,
ராவிக் கொடு, போதும் என்றான்.

இரும்பு கேரேஜ். மைனஸ் பதினொன்று.
ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன்.
குமிழ். குமிழ். நிற்காத குமிழ்.
ஆயில் குச்சியை உருவினால் பால் காப்பி.
எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று
யார் சொன்னது?
சூட்டில் ஒரே பாத்திரத்தில் அடைத்துவைத்தால்
எதுவும் எதோடும் ஒட்டும்.

கம்ப்ரெஷன் பார்த்தேன்.
முதல் சிலிண்டர் பதினொன்று. கடைசி பத்தரை.
நடுவில் இருக்கும் இரண்டும் நான்கு, நான்கு.
சுவர் போய்விட்டது.
இந்த வீட்டுச் சண்டைக்கு
அந்த வீட்டில் பாத்திரம் உருள்கிறது.

காரை ஓனிக்கிடம்தான் வாங்கினேன், கீழ்வீடு.
"ஹெட்டைக் கழற்றியதே இல்லை, சிர்வார்த்,
என் தலைமேல் சத்தியம்."
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.
அவர் சிரசை நம்பி
நான்கு லட்சம் திராம் எண்ணிக் கொடுத்தேன்.

கார்புரேட்டர், மேனிஃபோல்ட், வால்வ் கவர்.
செயின் உள்ளே நழுவாமல் கம்பியால் கட்டினேன்.
பத்து போல்ட்டும்
கடைவாய்ப்பல்லின் முனகலோடு வந்தன.
பதினோராவது சின்னது,
டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் ஒளிந்திருக்கும்.
அதை மறந்து ஹெட்டோடு மல்லுக்கட்டியவர்கள்
இந்த கேரேஜ் வரிசையில் பாதிப்பேர்.
நான் மறக்கவில்லை. விரல் விட்டுத் தேடினேன்.
துளை இருந்தது.
துளைக்குள் கிரீஸ், கிரீஸ்மேல் தூசி.

ஹெட் லேசாக வந்துவிட்டது.
இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்
கேஸ்கட் கருகி, ஒரு நகக்கீற்று அகலத்துக்கு.
ஓரமெல்லாம் சிவப்பு சீலண்ட்,
அவசரத்தில் பூசிய உதட்டுச்சாயம்.
கழற்றியதே இல்லையாம்.

கீழே போய்க் கத்தலாம் என்று படியிறங்கி,
பாதியில் நின்றேன்.
கோடையில் இரண்டு முறை
முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தும்
இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே என்று
ஓட்டிக்கொண்டு வந்தது யார்?

பல்லில் கறை சுரண்டும் ஊசியால்
பழைய கேஸ்கட்டைச் சுரண்டினேன், மூன்று ராத்திரி.
மயிரிழை மேடு இருந்தாலும்
ஊரைக் கூட்டிவிடும் வாய்களுக்கு வேலை செய்பவள் நான்.
ஸ்கேலைக் குறுக்கே வைத்து
அடியில் விளக்கைப் பிடித்தேன்.
வெளிச்சம் கசியவில்லை.

டார்க் ரென்ச் ஓனிக்கிடம் மட்டும்தான்.
கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால்
கூடவே நின்றார்.
நான் இழுத்தேன், அவர் முள்ளைப் படித்தார்.
நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி.
முதல் சுற்று நான்கு கிலோ.
அடுத்தது பதினொன்று.
பத்தாவது முடிந்ததும்
கோட்டுப் பையிலிருந்து ஒரு போல்ட் எடுத்தார்,
வாஷரோடு, எண்ணெய் தடவி.
"இதற்கு மூன்றரை போதும்."

"எங்கே இருந்தது?"
"காப்பி டப்பாவில்."
"எத்தனை வருஷமாக?"
காது சிவந்தது.
அந்தக் குளிரில் அதைச்
சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாலாவது முயற்சியில் பிடித்தது.
தொண்டையைச் செருமி, தும்மி,
பிறகு ஒரே சீராக.
குமிழ் இல்லை.
ஹீட்டர் எங்கள் முழங்கால்களைக் கண்டுபிடிக்கும்வரை
உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

டப்பாவில் இன்னும் என்ன இருக்கிறது என்றேன்.
"கிளட்ச் பற்றி மட்டும் கேட்காதே."

நாளைக்கு அஷோட்ஸ்க்.
நீங்களும் வருகிறீர்கள் என்றேன்,
டப்பாவோடு.