நாலாவது இழுப்பு

முதல் பதினாறு நொடி
திரை கறுப்பாகவே கிடக்கட்டும் என்றேன்.
உப்புப் போடாத கஞ்சியைப் பார்ப்பதுபோல
இயக்குநர் என்னைப் பார்த்தார்.

அவரிடம் ட்ரோன் எடுத்த காட்சி இருந்தது.
மூக்கையூர், விடிகிற நேரம்,
சந்தியாகப்பர் கோயில் கோபுரத்துக்கும் மேலேயிருந்து
பனைகள், கருவேலங்காடு, வரிசையாய் வத்தைகள்,
கரையோரம் ஒரு நிறமும் தள்ளி வேறு நிறமுமாய்க் கடல்.
வாடகை மட்டும் முப்பத்தெட்டாயிரம்.
அழகுதான், யார் இல்லையென்றது.
ஆனால் பருந்துக்கு யாரிடமும் கடன் கிடையாது.
அதன் கண்ணை இரவல் வாங்கிப் பார்க்கிறவனுக்கும்
யாருக்கு என்ன தரவேண்டும் என்பது
சற்று மறந்துபோகிறது.
நம் கதையோ ஒரு கடனைப் பற்றியது.

படிக்கிற காலத்தில் ஒரு கோடை முழுக்க
ராமநாதபுரத்துத் தியேட்டர் ஒன்றில்
டார்ச் அடித்து இருக்கை காட்டும் வேலை எனக்கு.
திரைக்கு முதுகு, ஆட்களுக்கு முகம்.
எத்தனையோ படங்களின் தொடக்கத்தை
நான் முகங்களில்தான் பார்த்தேன்.
பஸ் தவறி, தோளில் தூங்கும் பிள்ளையோடு,
கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு
குனிந்தபடி வருகிறவர்
உட்காரும்போதே பக்கத்து ஆளிடம் கேட்பார்:
'என்னங்க ஆச்சு?'
'ஒண்ணுமில்ல, இப்பத்தான் பேர் போட்டான்'
என்று பதில் வந்தால்
அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படம் பெட்டிக்குள்.
சில படங்களுக்குப் பதிலே வராது.
கேட்டது காதில் விழாமல்,
விழுந்தாலும் சொல்லத் தெரியாமல்,
பக்கத்து ஆள் காலை மட்டும் ஒதுக்கிக்கொள்வார்.

அந்தக் கால் ஒதுங்குவதைத் தேடி
மண்டபத்து விடுதியில் ஒன்பது இரவுகள்.
மின்விசிறியை மூன்றில் வைத்தால் கத்தும்,
இரண்டில் வைத்தால் கொசு.
லேப்டாப்பில் நாற்பத்தொரு மணி நேரக் கடல்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது துண்டு.
காட்சி இன்னும் தொடங்கவில்லை, கேமரா மட்டும் ஓடுகிறது.
சந்தியாகு இன்ஜின் கயிற்றை இழுக்கிறார். இருமல்.
மறுபடி இழுக்கிறார். பாதி இருமல்.
கச்சான் காற்று அவர் சட்டையை
முதுகோடு ஒட்டிப் பிடிக்கிறது.
மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை.
நடிக்கத் தெரியாத மனிதர்,
நம் நேரத்தை வீணாக்குகிறோமே என்று
லேசாய்ச் சிரிக்கிறார்.
பின்னால் கரையில், மண்ணெண்ணெய்க் கேனோடு கித்தேரி.
இன்ஜின் அவள் கண்ணில் படவில்லை.
கடலும்தான்.
சட்டகத்துக்கு வெளியே, இடப்பக்கம், எதையோ பார்க்கிறாள்.

அதை எடுத்தேன்.
கறுப்பில் முதலில் செய்யது பிடித்த சத்தம்:
பலகையில் தண்ணீர் மோதுவது,
கேன் மூடியைத் திருகுவது, யாரோ காறித் துப்புவது,
கயிறு, இருமல், கயிறு.
மூன்றாவதில் வெளிச்சம்.
நாலாவதுக்குக் கை கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது,
தோள் இறுகுகிறது,
அங்கே வெட்டினேன். படத்தின் பெயர்.

'நிஜத்துல நாலாவதுல பிடிச்சிருச்சேய்யா' என்றார் இயக்குநர்.
பிடித்தது. போனார். நாலு கிலோ நகரையோடு திரும்பினார்.
அதை இப்போதே சொல்லிவிட்டால்
தியேட்டரில் இருநூறு கைகள் தளர்ந்து
பாப்கார்னுக்குள் போய்விடும்.
'ஹீரோ எங்கேன்னு தயாரிப்பாளர் கேட்பாரே?'
'இன்ஜின் பிடிச்சா வருவார் சார்.'

மறுநாள் சந்தியாகு வீட்டில்
லேப்டாப்பை ஐஸ்பெட்டிமேல் வைத்து ஓட்டினோம்.
கித்தேரி கேட்டாள்:
'நான் எதப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்?'
யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும்.
சந்தியாகு மட்டும், வலது கை இன்னும் மடங்கியபடி,
கொஞ்சம் கோபமாக:
'ப்ளக்கத் தொடச்சிருந்தா மூணுலயே பிடிச்சிருக்கும்.'

அன்றிரவு அறைக்கு வந்து
மூன்றாவது இழுப்பை
இன்னும் ஒரு நொடி நீட்டினேன்.