உடம்படுமெய்

ஓல்ட்டன் சந்திப்பில் இரவு 9.28க்கு
ஹாம்பர்க் வண்டி வந்து நிற்க வேண்டும்.
9.31க்கு சோலோதுர்ன் வண்டி கிளம்ப வேண்டும்.
இடையில் மூன்று நிமிடம்.
காகிதத்தில் அது போதும்.
காகிதத்துக்கு முழங்கால் கிடையாது.

பிரிஸ்கா ஃபொன் ஆர்க்ஸ் என்பவர் எழுதியிருந்தார்.
ஃப்ரைபுர்கில் டயாலிசிஸ் பிரிவுத் தாதி,
வியாழன்தோறும் இந்த வழியாக வீடு.
நாற்பத்தொரு வியாழன்கள், கட்டம் போட்ட தாளில்:
தேதி, வண்டி வந்த நேரம், படியேறி முடித்த நேரம்.
கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்,
"வால்விளக்கு."
இருபத்தாறு தடவை.
திட்டவில்லை, கெஞ்சவில்லை.
அதுதான் எனக்கு உறைத்தது.

என் வேலை கால அட்டவணை.
திரை நிறையச் சாய்கோடுகள், கோட்டுக்கு ஒரு வண்டி.
ஒன்றைத் தொட்டால் பேர்ன் வரை இடியாப்பம்.
இரண்டு நிமிடம் யார் தருவார்கள் என்று
ஒன்றரை மாதம் பிச்சை எடுத்தேன்.
பாஸலில் கேட்டேன்,
எல்லைக்கு அப்பால் தண்டவாளம் மாற்றுகிறார்கள் என்றார்கள்.
சரளை ஏற்றிய சரக்கு வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கலாமா என்றால்
அதன் பின்னால் ஒற்றைத் தடம்,
எதிரே இன்னொரு வண்டி,
அதில் இன்னொரு பிரிஸ்கா.
ட்ஸும்ஸ்டைன் சிரித்தார்:
"இரண்டு நிமிடமா? ரைனுக்கு இன்னொரு பாலம் கேள்,
அது சீக்கிரம் கிடைக்கும்."

சின்ன வயதில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
தூங்கி விழுந்துகொண்டே படித்தது:
நிற்பது நிலைமொழி, வருவது வருமொழி.
(இங்கே நிற்பதுதான் போய்விடுகிறது.)
உயிரும் உயிரும் நேருக்கு நேர் வந்தால் ஒட்டாது,
நடுவே ஒரு யகரம் நுழைந்து கைகொடுக்கும்.
மணி. அடித்தது.
மணியடித்தது.
அந்த ய் எந்தச் சொல்லிடமும் கடன் வாங்கியதல்ல.
இரண்டு சொல்லிலும் அதற்கு வீடில்லை.

அப்படி ஒன்று ஓல்ட்டனில் எங்கே இருக்கும்?

பார்க்கப் போனேன், ஒரு வியாழன்.
கையில் பதினோரு கிலோப் பெட்டி,
ஏழாம் மேடையிலிருந்து பதினொன்றுக்கு.
படியிறக்கம், சுரங்கப்பாதையில் சொட்டும் குடைகள்,
எதிரே ஒரு கால்பந்துக் குழு முழுதாக,
படியேற்றம்.
இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.
கதவு அதற்குள் பூட்டிவிட்டது.
வால்விளக்கு.
நாற்பத்திரண்டாவது வரிசையை நானே எழுதினேன்.

மூச்சு வாங்க நின்றபோது கண்ணில் பட்டது எட்டாம் மேடை.
ஏழுக்கு முதுகு காட்டி, அதே திட்டில்,
அந்நேரம் சும்மா கிடக்கிறது.
சோலோதுர்ன் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால்
பன்னிரண்டு எட்டு நடை.
எந்த வண்டியிடமும் ஒரு நொடி பிடுங்க வேண்டாம்.
ஓர் எண் மாற வேண்டும், அவ்வளவே.
அதற்கு ஏழு கையெழுத்து, பதினான்கு மாதம்.

டிசம்பரில் புது அட்டவணை.
முதல் வியாழன் தூண் மறைவில் நின்றேன்.
ஹாம்பர்க் வண்டி ஒன்றரை நிமிடம் தாமதம்.
நீலத் தொப்பி போட்ட ஒரு பெண்
இறங்கினாள், கடந்தாள், ஏறினாள்,
ஜன்னலோரம் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள்.
பிரிஸ்காதானா, கேட்கவில்லை.

பிப்ரவரியில் இன்னொரு கடிதம்.
பெஸ்னிக் கிராஸ்னிச்சி, சுரங்கப்பாதைத் தேநீர்க் கடை:
"வியாழன் இரவுகளில் ஒரு தாதி வருவார்.
இஞ்சித் தேநீர். பிறகு சதுரங்கம், அடுத்த வண்டி வரை.
கடைசி ஆட்டம் பாதியில் நிற்கிறது,
நான் நகர்த்த வேண்டிய முறை.
நீங்கள் மிச்சம் பிடித்த அந்த ஒரு மணி நேரம்
என் கடையில்தான் உட்கார்ந்திருந்தது.
குற்றம் சொல்லவில்லை. தெரிவிக்கிறேன்."

என் திரையில் இதற்குக் கோடு இல்லை.
மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்து
கடைசியில் எழுதியது:

"சோலோதுர்ன் வண்டி 9.31.
அடுத்தது 10.31, அதுவும் எட்டாம் மேடை.
இரண்டும் தவறாமல் ஓடுகின்றன."

பிரிஸ்காவுக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.
விதிப்படி அனுப்பக் கூடாது.