இரண்டு கொஞ்சம்

'கறுவா கொஞ்சம் இருக்கு, தரலாம் எண்டு போடுங்கோ'
என்றார் லாஃபிர் ஹாஜியார்
கால்குலேட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் கரண்ட் போய்
மேசைக்குக் கீழே பேட்டரிப் பெட்டி
கீ கீ என்று கத்தத் தொடங்கியிருந்தது.
அது அணைவதற்குள் தட்டினேன்:
வீ ஹேவ் லிட்டில் சினமன்.
அனுப்பிவிட்டு பிளேன்டீ குடித்தேன்.

மறுநாள் ரொட்டர்டாமிலிருந்து பதில்.
'கேட்டு வருந்துகிறோம்.'
யார் செத்தது என்று
இரண்டு தரம் வாசித்தேன்.
கீழே இன்னொரு வரி,
மடகஸ்காரில் பார்த்துக்கொள்கிறார்களாம்.

நாற்பது கட்டு அல்பா
ஸ்டோரின் பின்பக்கம்
சாக்குக்குள் மணத்துக்கொண்டு கிடந்தது.
உயிரோடிருக்கிற கறுவாவுக்கு
நான் மரண அறிவித்தல் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு 'எ' விடுபட்டிருக்கிறது.
எ லிட்டில் என்றால் இருக்கிறது, வாருங்கள்.
வெறும் லிட்டில் என்றால்
இருந்தும் இல்லாத மாதிரி,
ஷட்டரைப் பாதி இறக்கிய கடை.

'எத்தின எழுத்து?' என்றார் ஹாஜியார்.
ஒண்டு.
கால்குலேட்டரில் எதையோ பெருக்கி
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஒன்றும் பேசவில்லை.
லுஹருக்குப் போய்விட்டார்.

மூட்டை இறக்கும் பியதிலக்கவிடம் கேட்டேன்,
உங்கட பாஷையில் எப்படி?
'டிகக்' என்றான், தலையை ஆட்டி.
'டிகய்' என்றான், உதட்டைப் பிதுக்கி.
அவனுக்கும் வால் மாறினால் போதும்.
எனக்கென்றால் ஒரு 'தான்':
கொஞ்சம் இருக்கு.
கொஞ்சந்தான் இருக்கு.
இல்லாமையைச் சொல்ல
நாங்கள் ஒன்றைச் சேர்க்கிறோம்.
இங்கிலீஷ்காரன்
இருந்த ஒன்றையும் எடுத்துவிடுகிறான்.

நூறாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் பழைய இலக்கணப் புத்தகம்,
நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது,
யாரோ பென்சிலால் தவறான விடைகளை நிரப்பியது.
காசு எண்ண முடியாத பொருளாம்.
பெருவிரல் தேயத் தேய
பகல் முழுக்க என்னத்தைத்தான் எண்ணினேன்?
புத்திமதியும் எண்ண முடியாததாம்.
அது சரி.
வெள்ளவத்தை ஒழுங்கையில்
என் வீட்டுக்கு மேல்மாடி, கீழ்மாடி,
எதிர்வீட்டுச் சாந்தினி அக்கா,
எல்லாரிடமும் அது மச், மெனி கிடையாது.

பயிற்சி ஏழு:
உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுக.
ஐ ஹேவ், கோடு, ஃபிரெண்ட்ஸ்.
ஃபியூவா, எ ஃபியூவா?
காலிமுகத்திடலில் பட்டம் ஒன்று
அறுந்து கடல் பக்கம் போனது.
ஆட்களை எண்ணினேன்.
பக்கத்துக் கடை ஃபஸ்மினா.
கடன் கேட்டால் காரணம் கேட்காத நிரஞ்சலா.
மூன்றாவதாக,
சண்டை பிடித்து ஒன்றரை வருஷம் ஆன ஒருத்தி,
அவளை விடவும் மனமில்லை.
மூன்று பேருக்கு எது சரி?
புத்தகத்தைப் பின்பக்கம் வரை புரட்டினேன்.
இத்தனைக்குக் கீழே ஃபியூ,
இத்தனைக்கு மேலே எ ஃபியூ
என்று ஒரு கணக்கும் இல்லை.
சொல்கிறவள் பார்த்துப் போட வேண்டியதாம்.

பம்பலப்பிட்டி வரை அந்தக் கோட்டை
வெறுமையாக வைத்திருந்தேன்.
கண்டக்டர் மிச்சக் காசு தரவில்லை.
இறங்கும்போது பஸ் குலுங்கியதில்
பென்சில் எங்கோ உருண்டுவிட்டது.

திங்கட்கிழமை ஹம்பர்க்குக்கு எழுதினேன்,
வேறு ஆள், வேறு விலை,
கிலோவுக்கு முன்பைவிடக் குறைவு.
வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன்பே
முதலில் அந்த ஓர் எழுத்தைத் தட்டி வைத்துவிட்டு
மற்றதெல்லாம் சுற்றி அடுக்கினேன்.

ஹாஜியார் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.
பின்பக்கம் கட்டுப் பிரித்துப் பார்த்த கை.
திரையில் விரல் வைத்தார்.
'இதுவா?'
இதுதான்.
'இவ்வளவு சின்னதா!'

அவர் விரல் எடுத்த இடத்தில்
கறுவாத் தூள்.
துடைத்துவிட்டு,
எழுத்து இருக்கிறதா என்று
இன்னொரு தரம் பார்த்தேன்.