ஏழாவது சாவி

எஸ்டோனியா, சாரெமா தீவு.
சோவியத் காலத்து வெடிமருந்துக் கிடங்கு.
இப்போது இங்கே மின்கலங்களைக் கொல்கிறோம்,
ஆணியால் குத்தி, சூடேற்றி, நசுக்கி,
எங்கோ ஒரு கட்டிலுக்கடியில்
அவை தாமாகச் சாகுமுன்.

ஏழு பேர். ஏழு சாவி.
ஏழும் பலகையில் தொங்கினால்தான்
இயந்திரம் அசையும்.
இன்று ஆறு.
மிச்சமொன்று உல்லேயின் கோட்டுப் பையில்,
நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்
பல் மருத்துவர் வீட்டுக் கொக்கியில் தொங்குகிறது.

தார்வோ கடிகாரத்தைத் திட்டினான், பிறகு அவளை,
பிறகு இந்த விதியை எழுதியவனை.
எழுதியது நான்தான்.
கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

திரையில் அந்தச் சாம்பல்நிறக் கட்டி
சும்மா கிடந்தது.
சும்மா கிடப்பவற்றை நான் நம்புவதில்லை,
இரண்டு விரல் போனதிலிருந்து.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
வந்தாள். பூட்ஸெல்லாம் பனி,
மரத்த கன்னம், குழறும் நாக்கு.
மன்னிப்புக் கேட்டாளா, மணி கேட்டாளா,
விளங்கவில்லை.
சாவியை மாட்டினாள்.

பொத்தானுக்கு நீட்டிய கையைத் தார்வோ
பாதியில் நிறுத்தி
எங்களை எண்ணினான்.
தன்னை விட்டுவிட்டு
ஆறு என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
மறுபடி எண்ணினான்,
முதலிலிருந்து.