ஆறாவது உதை

வெள்ளி பின்னேரம், ஐந்து ஐம்பத்திரண்டு.
தண்ட உதையில் நாலுக்கு நாலு.
வெண்மணலின் ஆறாவது பெடியன்
கம்பத்துக்கு மேலால் அடித்துவிட்டுக்
குந்தியிருந்து மண்ணைப் பார்க்கிறான்.
கரைச்சுடருக்கு றெஜினோல்ட்.
பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான்,
எண்ணி ஏழு அடி.
மைக் என் கையில்.
"இதோ" என்றேன்.

அந்தச் சொல்லோடு ஜீப் வந்தது.
ஆறு மணிக்கு ஊரடங்கு, வீட்டை போகட்டாம்.
"எட்டு நிமிசம் கிடக்குது ஐயா, ஒரு அடிதான்."
நடுவர் மணிக்கூட்டைக் காட்டிக் கெஞ்சினார்.
ஐயாவுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை.
பாஷையூர்ச் சனம்
முடியாத மட்சைத் தலையில் வைத்துக்கொண்டு
சைக்கிளை எடுத்தது.

ஐந்தாம் நாள் மாநகர சபையிலிருந்து போன்:
"உங்கட ஓட்டோவில ஸ்பீக்கர் பூட்டிக் கிடக்குத்தானே?"
கண்ணாடியில் ஒட்ட ஒரு பாஸ்,
பெற்றோலுக்குக் காசு,
படிக்க ஒரு தாள்.
இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்.
பதினாறு வருசம் "இதோ" என்று தொடங்கிய வாய்
"இத்தால்" என்ற சொல்லில் தடக்குப்பட்டது.
பந்திலிருந்து பத்து யார் தள்ளி நில்லுங்கோ என்று
தொண்டை கிழியக் கத்தியும் அசையாத சனத்துக்கு
ஒரு மீற்றர் இடைவெளி சொல்லித் திரிந்தேன்.

முதல் ஒழுங்கையிலேயே மதிலுக்கு மேலால் ஒரு தலை:
"அண்ணை, அப்ப ஆர் வெண்டது?"
"இன்னும் அடிக்கேல்லை" என்று
மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.
யாரோ பொலிசுக்குப் போன் பண்ண,
அரச அறிவித்தலுக்குள் வேறு கதை வேண்டாம் என்று
எனக்கு மஞ்சள் அட்டை.

சங்கக்கடை வாசலில் வட்டம் கீறச்
சுகாதாரப் பரிசோதகர் கேட்டு வாங்கியது
மைதானத்துக்குக் கோடு போடுகிற எங்கள் சுண்ணாம்பு.
பருப்புக்கும் மாவுக்கும் வட்டத்துக்கு ஒராளாய்
நின்றவர்களை ஓட்டோவிலிருந்து பார்த்தால்
நாலு, நாலு, இரண்டு.
சலேத்தம்மா ஒரு காலை வெளியே வைக்கப்
பின்னுக்கிருந்து "ஓஃப்சைட்" என்றது ஒரு குரல்.
முகக்கவசங்களுக்குள்
யார் யார் சிரித்தது என்று தெரியவில்லை.

இரவில் பெனடிக்ற் வீட்டு ரீவியில்
எப்பவோ முடிந்த உலகக் கிண்ணம்.
முடிவு தெரிந்த கோலுக்கும்
நாலு பேர் எழும்பி நின்று
சத்தமில்லாமல் கையை உயர்த்துகிறார்கள்.
சத்தம் வெளியே போனால் கூட்டம் கூடிய வழக்கு.

றெஜினோல்ட் கடலுக்குப் போகவில்லை.
விடியப்புறம் அவன் வீட்டு மதிலில் பந்து முட்டும்.
அயலட்டை படுத்திருந்தபடி எண்ணும்.
ஐயாயிரம் ரூபாப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.
தனியாள் குடும்பமில்லை என்றாராம் விதானையார்.
அன்றைக்கு மட்டும் நூற்றிப்பதினொன்று எண்ணினார்கள்.

வெண்மணலின் கோல்காப்பாளன் மெதடியஸ்
தம்புள்ளைக்கு லொறி ஓடிவிட்டு வந்தவன்.
கேற்றில் நோட்டீஸ். பதினாலு நாள்.
அந்த ஒழுங்கைக்கு எனக்குத் தனித்தாள்:
இவ்வீட்டாருடன் எவரும் தொடர்புகொள்ளலாகாது.
ஊரெல்லாம் கேட்கிற குரலில்
ஒரு வீட்டை எப்படி வாசிக்கிறது?
முதல் மூன்று நாளும் அந்த இடத்தில்
எஞ்சினை உறுமவிட்டுக் கடந்தேன்.

பதினோராம் நாள் கேற்றுக்கு உள்ளே நின்றான்,
இரண்டு தூணுக்கும் நடுவில்,
வெறுங்கையை விரித்து உதறிக்கொண்டு.
ஓட்டோவை நிப்பாட்டித் தாளை எடுத்தேன்.
மைக்கை அழுத்தினேன்.
"இதோ"

வாய்தான் சொன்னது.
மதில்களுக்கு மேலால் தலைகள்.
நாய்கூடக் குரைக்கவில்லை.
எந்தக் குசினியிலோ
குக்கர் ஒருதரம் விசில் அடித்தது.
மெதடியஸ் முழங்காலை மடித்துப் பதிந்தான்,
கண் என் கையில்.

அவன் எந்தப் பக்கம் பாய்ந்திருப்பான் என்று
அந்த ஒழுங்கையில் இப்பவும் இரண்டு கட்சி.

நான் தாளைத் திருப்பிப் பிடித்தேன்.
நாளை காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை
ஊரடங்கு தளர்த்தப்படும்.
மரக்கறிச் சந்தை, மறு அறிவித்தல் வரை,
விளையாட்டு மைதானத்தில் நடைபெறும்.