வானம் தோண்டுமுன்

நாலு தாள்.
நாலு தாளுக்கா ஆயிரத்து அறுநூறு பவுண்டு என்று
எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.
ரசீதை ஒருமுறை மடித்து, பிரித்து,
மறுபடி மடித்து
"நல்லது" என்பார்கள்.
அந்த நல்லதின் எடை எனக்குத் தெரியும்.

ஐஃபோரும் அப்படித்தான் சொன்னார்.
நீத் ஊர் ரக்பி மைதானத்தில்
புல் வெட்டுவதும் கோடு போடுவதும் அவர் வேலை.
மனைவி நெரிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில்.
தோளோடு தோள் ஒட்டிய வரிசை வீடு.
ஒருவர் அடுப்பைத் திறந்தால்
மற்றவர் மூச்சை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும்.
பின்பக்கம் மூன்று மீட்டர் இழுத்தால் போதும் என்றார்கள்.

இழுத்தேன்.
அளவெடுக்க ஒரு காலைப்பொழுது, அதற்குத் தனி.
நகராட்சி அனுமதிக்குத் தனி.
உத்தரக் கணக்குப் போட ஸ்வான்சீயில் ஒரு பொறியாளர்,
ஒரே ஓர் இரும்புத் தூலத்தை
இரண்டு பக்கம் யோசித்து நானூற்றைம்பது கேட்டார்.
புல்லுக்கடியில் சாக்கடைக் குழாய் ஓடுவதாகத்
தண்ணீர்க் கம்பெனி கண்டுபிடித்தது.
அதன்மேல் கட்டிக்கொள்ள
இன்னொரு கையெழுத்து, இன்னொரு காசோலை.
செங்கல் ஒன்றுகூட வரவில்லை.

பிறகு கொத்தனாரின் மதிப்பீடு வந்தது.
ஐஃபோர் அதை மடிக்கவே இல்லை.
விரித்தபடியே மேசையில் போட்டு
மேலே தேநீர்க் கோப்பையை வைத்தார்.

பாக்கி இருநூறை வாங்க
செப்டம்பரில் ஒரு சாயங்காலம் போனேன்.
தட்டினேன், பதில் இல்லை.
சந்து வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தால்

புல்தரையில் என் வரைபடம்.
வெள்ளைக் கோட்டில், முழு அளவில்.
மைதானத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து
சுவர் சுவராய்ப் போட்டிருக்கிறார்.
முந்நூறு மில்லிமீட்டர் என்றால் முந்நூறு.
சன்னலுக்கு இடம் விட்டிருந்தார்.
கதவு திறக்கும் வளைவுதான் கஷ்டமாம்,
ரக்பியில் வளைகோடே கிடையாது,
கயிறு கட்டிப் பழகினாராம்.

நடுவில் மடக்கு மேசை, இரண்டு நாற்காலி,
வறுத்த மீன், மசித்த பட்டாணி.
வானம் தோண்டாத வீட்டுக்கு
மேலே ஒரு வானம்.
அதற்கு மட்டும் யாரும் ரசீது அனுப்பவில்லை.

"வாங்க" என்றார் நெரிஸ்.
கோட்டைத் தாண்டிக் கால் வைக்கப் போனேன்.
"அது சுவர்."
சுற்றிப் போய்க் கதவு வழியாக நுழைந்தேன்.
செருப்பைக் கழற்றணுமோ என்றுகூடத் தோன்றிற்று.

இரண்டு வாரத்துக்கொருமுறை மழை வீட்டை இடித்துவிடுகிறது.
சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கலக்கும் பெயின்ட்டில்
கொஞ்சம் மிஞ்சும்.
கிளப்புக்குத் தெரியாது, எழுதிவிடாதீர்கள் என்றார்.

"ஒன்று சொல்லணும்" என்றார் பிறகு.
"உங்கள் கதவு உள்பக்கம் திறக்கிறது.
ஒவ்வொரு தடவையும் இவள் நாற்காலியில் இடிக்கிறது."
எழுந்து, காற்றில் ஒரு கைப்பிடியைப் பிடித்து
இழுத்துக் காட்டினார்.
நெரிஸ் தட்டிலிருந்து கண்ணெடுக்காமலே
முதுகை முன்னால் தள்ளி வழிவிட்டார்.

இடித்தது. நானே பார்த்தேன்.
ஒன்றுக்கு ஐம்பது அளவில்
ஒருநாளும் இடிக்காத கதவு.

வீட்டுக்கு வந்து வளைவை அழித்து
வெளிப்பக்கம் திருப்பினேன். ஐந்து நிமிட வேலை.
மூலையில் 'திருத்தம் அ' என்று எழுதினேன்.
திருத்தம் ஒன்றுக்கு அறுபது பவுண்டு
என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது.
தவறு யாருடையது என்பது அதில் இல்லை.
அறுபது என்று தட்டிவிட்டு
விரலை எடுக்காமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாக்கியை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.
எல்லாம் பத்துப் பவுண்டு நோட்டு, இருபது.
எண்ணும்போது பார்த்தேன்,
ஒன்றில் மட்டும்
வெள்ளையாய் ஒரு கட்டைவிரல்.