பதினோரு விநாடி

கல்யாண வீடியோ என்றால் கவலையில்லை.
கேட்காத இடத்தில் ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடலாம்.
ஐயர் இருமுவார், ஜெனரேட்டர் உறுமும்,
மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தலுக்குப் பின்னால்
யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்.
எல்லாவற்றின் மேலும் நாதஸ்வரத்தை இழுத்துவிட்டால்
மஞ்சக்குப்பத்தில் யாரும் பணத்தைக் குறைத்ததில்லை.

இது அப்படியில்லை.
புகழேந்தி சோனாங்குப்பத்திலிருந்து மழையில் வந்திருந்தான்.
பென் டிரைவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை,
அதற்குமேல் இன்னொன்று.
கம்பெனி வருவதற்கு முன்னால் நடத்துவார்களே
கருத்துக் கேட்புக் கூட்டம், அது.
"அத்தை பேசுனது மட்டும் போதும்ணா.
என்ன கேட்டாங்கன்னு தெரியணும்."

ஃபோனை அவன் பிடித்திருந்தது
பெடஸ்டல் ஃபேனுக்கு நேர் முன்னால்.
கண்ணால் பார்த்தால் அஞ்சலாட்சி வாயசைக்கிறார்.
காதால் பார்த்தால் அரிசி மில் ஓடுகிறது.

ஒலியைத் திரையில் விரித்துப் போட்டேன்.
அடியில் கரண்ட்டின் முனகல்:
ஐம்பதில் ஒரு கோடு, நூறில் ஒன்று, நூற்றைம்பதில் ஒன்று,
இழுத்துக் கட்டிய கயிறுகள்.
ஒவ்வொன்றாக அறுத்தேன்.
மேலே மைக்கின் கீச்சு. அதையும்.
நடுவில் ஃபேன்.
அது அவர் குரல் இருக்கும் வீட்டிலேயே
குடித்தனம் நடத்தியது.

அதற்கும் வழி உண்டு.
யாரும் பேசாத இடமாக ஒரு துண்டைக் காட்ட வேண்டும்.
இதுதான் இரைச்சல், பார்த்துக்கொள்,
இது எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கழித்துவிடு.
மென்பொருள் சொன்னதைக் கேட்கும் பிள்ளை.

ஏழு நிமிடத்தில் யாரும் பேசாத இடம்,
அதுவும் நம்மூர்க் கூட்டத்தில்?
தேடினேன்.
நாலு நிமிடம் தாண்டி ஓரிடத்தில்
அலை படுத்துக் கிடந்தது, பதினோரு விநாடி.
நடுவிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுத்தேன்.
கற்றுக்கொண்டது. கழித்தது.

அளவு மீறிக் கழித்தால்
குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வரும்,
கிணற்றில் விழுந்த தகரம் பேசுவது போல.
பன்னிரண்டு டெசிபலில் நிறுத்தினேன்.
அஞ்சலாட்சி வெளியே வந்தார்.

"எங்க தெரு பைப்புல புடிச்சது சார், இன்னிக்குக் காலைல.
மூடியத் தொறக்கறேன், அங்க வரைக்கும் நாத்தம் வருதா?
கொழந்தைக்குப் பால் மாவு இதுலதான் கரைக்கிறோம்.
நல்ல தண்ணின்னு எழுதியிருக்கீங்க, முப்பத்தாறாம் பக்கத்துல.
ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க சார்.
ஒரே ஒரு வாய்."

அதற்குப் பிறகுதான்
அந்தப் பதினோரு விநாடி.

மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
இரைச்சல் என்று நான் காட்டிக்கொடுத்தது அவர்களை.

இப்போது அந்த இடத்தை ஓட்டினால் ஒன்றுமில்லை,
ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியது மாதிரி.
"நாமதான் கட் பண்ணிட்டோம்னு சொல்லுவாங்கண்ணா,"
என்றான் புகழேந்தி.
சரிதான்.
பதில் வராததற்கும்
வந்த பதிலை வெட்டியதற்கும்
வித்தியாசம் தெரிய
ஒரு ஃபேனாவது ஓட வேண்டும்.

அந்தத் துண்டை மட்டும் பழையபடி வைத்தேன்.
உற்றுக் கேட்டால் அதற்குள் ஆட்கள் இருந்தார்கள்.
ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.
ஒருவர் தொண்டையைச் செருமி
பேசாமல் விட்டுவிட்டார்.
காகிதம் புரண்டது.
கடைசியில் அவர் பாட்டிலை மேசைமேல் வைத்த 'டொக்'.
மென்பொருள் அதை முதலிலேயே
சிவப்பில் சுழித்திருந்தது,
நீக்க வேண்டிய பிழை என்று.

முந்நூறு கேட்டேன்.
கையில் இருந்தது இருநூற்றுச் சொச்சம்.
சிக்னல் வந்ததும் மிச்சத்தை ஜிபே செய்வதாகச் சொல்லி
மழை விட்டிருக்கிறதா என்று பார்க்க
மாடிப்படிக்குப் போனான்.

ரெண்டரிங் எப்போதும் போல
தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றுகொண்டது.
ஹெட்போனைக் கழற்றாமல் காத்திருந்தேன்.
தாகம்.
மேசையோரம் கேனிலிருந்து பிடித்து
ஒரு வாய் குடித்தேன்.

அது தொண்டையில் இறங்கிய சத்தம்
காதுக்குள்
அவ்வளவு பெரிதாகக் கேட்டது.